சீனாவில் படிக்கப் போகிறீர்களா? தினசரி வாழ்க்கைக்கும் நட்புக்கும் ஒரு வழிகாட்டி

சீனாவுக்குப் படிக்கப் போகிறவர்களிடம் எல்லாரும் அட்மிஷன், ஃபீஸ், நீட், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் திரும்பி வந்ததும் எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வு என்றுதான் பேசுகிறார்கள். அங்கே போனபிறகு தினமும் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவது, நடுராத்திரியில் காய்ச்சல் அடித்தால் யாருடைய கதவைத் தட்டுவது என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. வருடக்கணக்காக அங்கே இருந்துவிட்டு ஒரு சீன நண்பர்கூட இல்லாமல் ஊர் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்லிவிட முடியாது. ஏற்பாடே அப்படி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி ஹாஸ்டல். ஆங்கில வழி எம்பிபிஎஸ் என்றால் வகுப்பும் தனி, உங்கள் பேப்பர்களைப் பார்க்கும் ஆபீஸும் தனி. ஒரே வளாகத்துக்குள் இருந்துகொண்டே அந்த ஊர் மாணவர்களை கேன்டீன் வரிசையில் மட்டும் பார்த்து ஐந்து வருடத்தை ஓட்டிவிட முடியும்.

அதனால் இங்கே நான் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்துக்குத்தான் வருவேன். அன்றாட வேலைகளை யாருடனாவது சேர்ந்து செய்யுங்கள், அதையும் வாராவாரம் அதே நேரத்தில், அதே ஆட்களோடு செய்யுங்கள். நட்பு அங்கே அப்படித்தான் பிடிக்கும். பெரிய பேச்சுத் திறமை வேண்டாம், சீன மொழி சரளமாக வரவேண்டும் என்றும் இல்லை.

முதல் மாதத்துப் பேப்பர் வேலை

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அசட்டையாக இருக்காதீர்கள். 180 நாளுக்கு மேல் படிப்பு என்றால் எக்ஸ்1 விசா. இறங்கிய 30 நாளுக்குள் காவல்துறையின் குடிவரவு அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்பித்த பிறகு கொஞ்ச நாள் பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கும், கையில் ஒரு ரசீதுதான் இருக்கும். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் எதுவும் போட்டு வைக்காதீர்கள். தங்கும் இடத்தைப் போலீஸில் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். ஹாஸ்டலில் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், வெளியே வீடு எடுத்தால் நீங்கள்தான் போக வேண்டும். பதியாவிட்டால் 2,000 யுவான் வரை அபராதம். அனுமதிக் காலம் தாண்டி இருந்தால் ஒரு நாளைக்கு 500 யுவான் வீதம் 10,000 வரை போகும். இன்னொன்று: அனுமதி இல்லாமல் டியூஷன் எடுப்பது, ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, கடையில் நிற்பது எதுவும் வேண்டாம். யார் எவ்வளவு பணம் காட்டினாலும் வேண்டாம். பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், மோசமானால் சில நாள் காவலும் உண்டு. அதற்கப்புறம் விசாவும் ஆட்டம் காணும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது, பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும், சிலருக்கு இனிஷியல் ஒட்டிக்கொண்டு வரும். அங்கே எல்லா கணினியும் குடும்பப் பெயரை முதலில் கேட்கும். வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி, சிம் கார்டில் ஒரு மாதிரி, ரயில் டிக்கெட்டில் ஒரு மாதிரி என்று பதிந்துவிட்டால் ஒன்று இன்னொன்றை ஏற்காது. வங்கி கவுண்டரில் உங்கள் பெயரை எப்படி டைப் செய்திருக்கிறார்கள் என்று திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எழுத்து, இடைவெளி, வரிசை மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெசேஜுக்கும் பணம் கட்டவும் அங்கே எல்லாரும் பயன்படுத்தும் வீசாட், பணம் கட்டும் அலிபே, ரயில் டிக்கெட்டுக்கான 12306 என எல்லாச் செயலிகளிலும் அதையே அப்படியே அடியுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம், அடுத்து வங்கி, அதற்கப்புறம் வீசாட்டும் அலிபேவும். வங்கிக் கணக்கு வர நாளாகும் என்றால் அலிபேயில் ஊரிலிருந்து கொண்டுவந்த விசா, மாஸ்டர்கார்டைச் சேர்த்துச் சமாளிக்கலாம். இந்தியாவில் 2020 ஜூனிலேயே வீசாட்டைத் தடை செய்துவிட்டதால், கிளம்பும் முன்பே கணக்கு தொடங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே போய் உள்ளூர் எண்ணில் தொடங்குங்கள். ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் உங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்து உறுதி சொல்ல வேண்டும் என்று அது கேட்கலாம். சீனியர் ஒருவரைக் கையோடு கூட்டிப் போங்கள்.

வீட்டுக்குப் போன் பேசுவதை ஊரில் இருக்கும்போதே யோசித்து வையுங்கள். வாட்ஸ்அப், கூகுள், ஜிமெயில், யூடியூப், இன்ஸ்டாகிராம் எதுவும் அங்கே திறக்காது. அம்மாவிடம் வீசாட் இல்லை, உங்களிடம் வாட்ஸ்அப் இல்லை என்றால் முதல் வாரமே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். வெளிநாட்டு சிம் அல்லது ஈசிம் ரோமிங்கில் இருக்கும்போது வாட்ஸ்அப் வேலை செய்யும், ஏனென்றால் அந்த டேட்டா உங்கள் சொந்த நிறுவனத்தின் வழியாகத்தான் போகிறது. குறைந்தது முதல் மாதத்துக்காவது ஒரு ரோமிங் திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஐபோன் என்றால் ஃபேஸ்டைம் போதும். கல்லூரி அனுப்பும் கடிதங்களுக்கு ஜிமெயிலைக் கொடுக்காமல் அவுட்லுக் மாதிரி அங்கே திறக்கக்கூடிய ஒரு முகவரியைக் கொடுங்கள்.

கேன்டீன்தான் முதல் பள்ளிக்கூடம்

பகல் வகுப்பு முடிந்ததும் பாருங்கள், மொத்த வளாகமும் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஒரே திசையில் ஓடும். கேன்டீன் வாசலில் கனமான பிளாஸ்டிக் திரை தொங்கும், அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் வரிசையாக ஜன்னல்கள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு எழுத்தில் ஏதோ எழுதியிருக்கும், உள்ளே வெள்ளைத் தொப்பி போட்ட அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்ப்பார். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். வேண்டியதை விரலால் காட்டி "ஜெக" என்றால் இது, "நெய்க" என்றால் அது. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே முதல் மாதம் பசியாறிவிடலாம். கார்டைத் தட்டியதும் தொகை திரையில் தெரியும், ஒரு வேளைச் சாப்பாடு பொதுவாக 10 முதல் 20 யுவானுக்குள் முடிந்துவிடும். மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் அடியில் ஒட்டியதுதான் கிடைக்கும், இரவுச் சாப்பாடும் ஐந்து, ஐந்தரைக்கே களைகட்டிவிடும். எட்டரைக்குச் சாப்பிடும் நம் பழக்கத்தை அங்கே மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "கறி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. பீன்ஸ் பொரியல் மாதிரி இருப்பதில் பொடியாக நறுக்கிய பன்றிக் கறி கிடக்கும், காரமான தோஃபுவிலும் அப்படித்தான். கறித் துண்டே இல்லாத காய்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம், சிப்பிச் சாறோ கோழிப் பொடியோ போட்டிருக்கலாம். "வோ ச்சி சூ", அதாவது நான் சைவம், என்பதை ஒரு சீன நண்பரைச் சொல்ல வைத்து ரெக்கார்ட் செய்துகொண்டு அதே ராகத்தில் பழகுங்கள். கூடவே கறி, மீன், கொழுப்பு, சிப்பிச் சாறு எதுவும் கூடாது என்று அவரையே சீன எழுத்தில் எழுதித் தரச் சொல்லி போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலில் அதைக் காட்டினால் பெரும்பாலும் அக்கறையாகவே பார்த்துக் கொடுப்பார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டை, இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு நூல் பொரியல், கத்தரிக்காய் உருளை மிளகாய் மூன்றும் சேர்ந்த வதக்கல் எல்லாம் எந்த ஊர் கேன்டீனிலும் கிடைக்கும், நம் நாக்குக்கும் ஒத்துப்போகும். காய்களை நீங்களே கூடையில் எடுத்து எடை போட்டுக் கொதிக்க வைத்துத் தரும் மாலாதாங் கடைகளும் வசதி, ஆனால் குழம்பின் அடிச்சாறு எலும்பில் செய்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பௌத்தக் கோயில்களின் பக்கத்தில் இருக்கும் சைவக் கடைகளில் பல இடங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஹலால் வேண்டும் என்றால் பல வளாகங்களில் தனி கேன்டீனோ தனி ஜன்னலோ இருக்கும், வெளியே முஸ்லிம்கள் நடத்தும் லான்சோ நூடுல்ஸ் கடைகளைப் பாருங்கள்.

இவ்வளவு விரிவாக ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே நட்பு என்பதே பெரும்பாலும் சேர்ந்து சாப்பிடுவதுதான். நம்மவர்கள் அறையில் சாதம் வடித்து ரசம் வைத்து ஐந்து பேராகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால், வெளியே இருப்பவர்கள் உங்களைப் பார்க்கும் நேரமே கிடையாது. சமைக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் எப்போதும் கேன்டீனில் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் ஒரே மாடியில், ஒரே நேரத்தில். இரண்டு வாரத்தில் அதே முகங்கள் தட்டுப்பட ஆரம்பிக்கும். கரண்டி அம்மாவும் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்.

உதவி கேளுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள்

அந்த ஊர் மாணவர்களில் பலர் கூச்ச சுபாவம். ஆங்கிலம் படிக்கத் தெரியும், எழுதுவார்கள், பேச மட்டும் தயங்குவார்கள். நீங்கள் போய் "ஹலோ, நண்பர்களாக இருப்போமா" என்று நின்றால் அவர்கள் நெளிவார்கள். ஒரு சின்ன உதவி கேட்டால் கதையே வேறு.

பார்சல் எடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தாவ்பாவ் என்ற ஆன்லைன் கடையில் ஒரு போர்வை வாங்கினீர்கள், அது வளாகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் பார்சல் நிலையத்துக்கு வந்துவிட்டது, போனில் சீன மொழியில் ஒரு குறுஞ்செய்தி, நடுவில் கோடு போட்ட சில எண்கள். முதல் எண் அலமாரி, அடுத்தது தட்டு, கடைசியில் இருப்பது உங்கள் பார்சலில் ஒட்டியிருக்கும் எண். தேடி எடுத்து வெளியே போகும் இடத்தில் இருக்கும் மெஷினில் ஸ்கேன் செய்துவிட்டுப் போக வேண்டும். முதல் தடவை இது எதுவும் விளங்காது. பக்கத்தில் அலமாரியைத் தடவிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போனை நீட்டுங்கள். அவர் உங்களைக் கூட்டிப் போய் எடுத்துக் கொடுப்பார், அநேகமாகத் திரும்பும் வழியும் ஒன்றாகத்தான் இருக்கும். அப்போது வீசாட் கேட்பது அங்கே ரொம்பச் சாதாரணம். யார் யாரை ஸ்கேன் செய்வது என்று ஒரு சின்னச் சிரிப்போடு முடிந்துவிடும்.

அதற்கு அடுத்த அடிதான் முக்கியம், பெரும்பாலானோர் கோட்டை விடுவதும் அங்கேதான். "அடுத்த தடவை சேர்ந்து சாப்பிடலாம்" என்று அவர் சொல்வார். அது மரியாதைக்குச் சொல்வதாக இருக்கலாம், மனதாரச் சொல்வதாகவும் இருக்கலாம். காத்திருக்காமல் நாள், நேரம், இடம் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "வியாழக்கிழமை பன்னிரண்டு மணி, இரண்டாவது மாடி, வருகிறாயா?" வர முடியாது என்றால் அவரே வேறு நாள் சொல்வார். சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மெசேஜை எழுத்தில் அனுப்புங்கள், அதுவும் குட்டிக் குட்டி வாக்கியங்களாக. வீசாட்டில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு வரும், ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜை அவர்கள் என்ன செய்ய முடியும்? வீசாட்டில் அவர்கள் போடும் மொமென்ட்ஸ் பதிவுகளைப் பார்த்து ஒரு லைக் போடுவதும் அங்கே தொடர்பை உயிரோடு வைத்திருக்கும் வழிதான்.

எங்கே தேடுவது, எப்போது தேடுவது

செப்டம்பரில் கல்வியாண்டு தொடங்கும். முதலாண்டு சீன மாணவர்கள் அப்போது சீருடையில் ராணுவப் பயிற்சியில் இருப்பார்கள், காலை முதல் மாலை வரை மைதானத்தில்தான். அது முடிகிற சமயத்தில், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, எல்லா மாணவர் சங்கங்களும் மேசை போட்டு ஆள் சேர்க்கும் நாள் வரும். வருடத்தில் வேறு எந்த நாளைத் தவறவிட்டாலும் இதை விடாதீர்கள். முதலாண்டு மாணவர்களுக்கும் அங்கே யாரையும் தெரியாது, அவர்களும் புதிதாக வீட்டை விட்டு வந்தவர்கள், உங்களைப் போலவே ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு மூன்று வாரம் போனால் அவர்களுக்குள் கூட்டம் அமைந்துவிடும்.

எந்தச் சங்கத்தில் சேர்வது? கையும் காலும் வேலை செய்யும் சங்கத்தில் சேருங்கள். பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ், கூடைப்பந்து, மலையேற்றம், எழுத்துக்கலை, சமையல் என்று எதுவானாலும் சரி. விவாத மன்றம் மாதிரியான இடங்களில் மொழி இல்லாமல் நீங்கள் தூண் போல நிற்க வேண்டியிருக்கும். பேட்மிண்டன் என்றால் "நல்ல ஷாட்" என்று சொல்வதற்கு இரண்டே எழுத்துதான், அதுவும் முதல் நாளே ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே கோர்ட், நான்கு பேர். யாராவது வராவிட்டால் ஆள் குறையும் என்கிற நிலை வந்துவிட்டால் பிறகு அவர்களே உங்களுக்குப் போன் போடுவார்கள். விளையாடிவிட்டு வெளியே வந்து ஒரு கிண்ணம் நூடுல்ஸ், அதற்கப்புறம் பேச்சு தானாக நீளும்.

மொழி பரிமாற்றத்துக்கு ஒரு துணை தேடுவதும் நல்ல வழி. நீங்கள் ஆங்கிலம், அவர் சீனம், பாதி பாதி நேரம். ஆனால் கடிகாரம் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முழு நேரமும் ஆங்கிலமாகப் போய்விடும். எம்பிபிஎஸ் மாணவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டம் வாங்க எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல, பழைய பாடத்திட்டக் கணக்கில் அது 1,200 சொற்கள். அதைவிடப் பெரிய விஷயம், ஆஸ்பத்திரி வார்டுக்குள் போகும்போது படுக்கையில் இருக்கும் பாட்டி ஆங்கிலம் பேச மாட்டார். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று அவரிடம் கேட்கத் தெரியாத மாணவருக்கு அந்த வார்டில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

காலம் பார்த்துப் பழகுங்கள். டிசம்பர் கடைசியில் முதுகலை நுழைவுத் தேர்வு வரும், அதற்குத் தயாராகும் நான்காம் ஆண்டு மாணவர்கள் அந்த மாதங்களில் லைப்ரரியிலேயே குடியிருப்பார்கள். பதில் வரவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதீர்கள், ஒரு சூடான பாலோ பழமோ வாங்கி அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள், அதை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். மதியம் சாப்பிட்டதும் பலர் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள், ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை அழைக்காமல் இருப்பது நல்லது. அறைக்கு நாலு பேர், ஆறு பேர் என்று இருப்பதால் இரவு பதினொன்றுக்கு மேல் போனில் பேசவும் அவர்களுக்குச் சங்கடம். பல ஹாஸ்டல்களில் அந்த நேரத்துக்குக் கதவும் பூட்டிவிடுவார்கள்.

கதவு என்றதும் ஹாஸ்டல் ஆயியைச் சொல்ல வேண்டும். நாம் ஆன்ட்டி என்று கூப்பிடுகிற மாதிரி அங்கே ஆயி. வாசலில் உட்கார்ந்திருக்கும் அவரைத் தினமும் வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டுங்கள். பண்டிகைக்கு ஊரிலிருந்து இனிப்பு வந்தால் அவருக்கு இரண்டு கொடுங்கள். குழாயில் தண்ணீர் வராதபோதும், அறைச் சாவி தொலைந்தபோதும், காய்ச்சல் வந்தபோதும் முதலில் எழுந்து வருவது அவர்தான். அறையில் எலக்ட்ரிக் அடுப்பு, ஹீட்டிங் காயில் வைக்காதீர்கள், பெரும்பாலான ஹாஸ்டல்களில் தடை, பார்த்தால் ஆயி எடுத்துக்கொண்டு போய்விடுவார், அதில் நட்பெல்லாம் செல்லாது.

பேச்சு, பணம், பரிசு

சாப்பிட்ட பில்லை அவர்களில் ஒருவர் சத்தமில்லாமல் கட்டிவிடுவார். அடித்துப் பிடித்து உங்கள் பங்கைக் கையில் திணிக்காதீர்கள். அடுத்த முறை நீங்கள் கட்டுங்கள், அப்படியே மாறி மாறிப் போகும். இன்னொரு சந்திப்புக்குக் காரணமும் கிடைக்கும். மாணவர்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொள்வதும் உண்டு, வீசாட் குழுவில் யாராவது கணக்குப் போட்டு அனுப்பினால் உடனே கட்டிவிடுங்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் குத்தி நிறுத்தாதீர்கள், இறந்தவர்களுக்குப் படைப்பது அப்படித்தான். பரிசாகச் சுவர்க் கடிகாரமும் குடையும் வேண்டாம், அபசகுனமாக நினைப்பவர்கள் உண்டு. கொடுப்பதையும் வாங்குவதையும் இரண்டு கையால் செய்யுங்கள், நமக்கு இது புதிதில்லை. முறுக்கு, கடலை மிட்டாய், ஒரு பாக்கெட் ஏலக்காய், டீத்தூள், இவை போதும். ஆனால் ஊரிலிருந்து கிளம்பும்போது பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

சீனியரை அக்கா, அண்ணன் என்கிற மாதிரி அங்கேயும் ஷுவேஜியே, ஷுவேஜாங் என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. பெயர் சொல்வதைவிட அப்படி அழைத்தால் உடனே ஒரு நெருக்கம் வரும். வயது என்ன, அப்பா என்ன வேலை, ஸ்காலர்ஷிப்பில் எவ்வளவு தருகிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். நம் ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பதுதான், பதறத் தேவையில்லை. அரசு ஸ்காலர்ஷிப்பில் முதுகலைக்கு மாதம் 3,000 யுவான், பிஎச்டிக்கு 3,500 என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். தோல் நிறத்தைப் பற்றி நேரடியாக ஏதாவது சொல்வார்கள், சின்ன ஊர்களில் முறைத்துப் பார்ப்பார்கள், கேட்காமல் போட்டோ எடுப்பார்கள். இது வலிக்கும், வலிக்காது என்று நான் சொல்லமாட்டேன். தெரியாமல் கேட்கிறவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், போட்டோ பிடிக்கவில்லை என்றால் கையை அசைத்து "பூ யாவ்", அதாவது வேண்டாம், என்று தெளிவாக மறுத்துவிடுங்கள். நெருங்கிய நண்பரிடம் அது உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள், பல பேருக்கு அது ஒரு தப்பு என்றே தெரிந்திருக்காது.

எல்லைப் பிரச்சினை, தைவான், திபெத் பேச்சை குரூப் சாட்டில் எடுக்கவே வேண்டாம். டாக்சி டிரைவர் கேட்டாலும் இரண்டு நாட்டு மக்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குத் தாவிவிடுங்கள். பேச நம்மிடம் விஷயம் இல்லாமலா போச்சு? சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 முதல் இயங்குகிறது, சீனர்களே தமிழில் செய்தி வாசித்திருக்கிறார்கள் என்று சொன்னால் அவர்களே வாய் பிளப்பார்கள். ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கும் குவான்சோ நகரத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே கைய்யுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் இருக்கும் கல்தூண்களில் நம் கோயில் சிற்பங்களை அப்படியே பார்க்கலாம். அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கும் தேசிய விடுமுறையில் கூட்டம் நெரியும், அதைத் தவிர்த்து ஒரு சாதாரண வார இறுதியில் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். தூணில் இருக்கும் கதையை நீங்கள் சொல்லுங்கள், பலகையில் இருக்கும் எழுத்தை அவர்கள் படித்துச் சொல்லட்டும்.

குளிர், காய்ச்சல், நம்ம ஊர்க் கூட்டம்

பெய்ஜிங்கைவிட வூஹானில் அறைக்குள் அதிகமாகக் குளிரும், இதை நம்பாமல் போகிறவர்கள்தான் அதிகம். வடக்கே நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை மைய வெப்ப ஏற்பாடு உண்டு, தெற்கே கிடையாது. வூஹான், நாஞ்சிங், ஷாங்காய் போகிறவர்கள் தடித்த போர்வையும் எலக்ட்ரிக் பெட்ஷீட் அனுமதி உண்டா என்ற கேள்வியும் தயாராக வைத்திருங்கள். ஜனவரியில் சீக்கிரமே இருட்டும்போது மனசும் சுருங்கும். அப்போது நம் பசங்களின் அறைதான் மருந்து, அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். பொங்கலுக்குச் சேர்ந்து பொங்கல் வையுங்கள், அதற்குச் சீன நண்பர்கள் இருவரையும், பக்கத்து அறை பாகிஸ்தான், வங்கதேச, ஆப்பிரிக்க மாணவர்களையும் கூப்பிடுங்கள். வெளிநாட்டு ஹாஸ்டலில் கிடைக்கும் பெரிய வரமே இந்தக் கலவைதான், உருதுவும் ஸ்வாஹிலியும் கேட்கும் சமையலறை வேறு எங்கே கிடைக்கும்?

உடம்புக்கு முடியவில்லை என்றால் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். முதலில் பதிவுச் சீட்டு, அப்புறம் டாக்டர், அப்புறம் பணம் கட்டி டெஸ்ட், திரும்ப டாக்டர், திரும்பப் பணம் கட்டி மருந்து என்று மாடி மாடியாக அலைய விடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணத்தை முதலில் நீங்கள் கட்டி, இன்சூரன்ஸில் பிறகு கேட்க வேண்டியிருக்கலாம், எல்லா ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். மொழி தெரிந்த ஒருவர் கூட வந்தால் பாதி நோய் அப்போதே குறையும். அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் 120, போலீஸ் 110, தீயணைப்பு 119.

வசந்த விழாவுக்கு நண்பர் வீட்டுக்கு

வசந்த விழா என்பது ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் சீனப் புத்தாண்டு. அப்போது வளாகம் காலியாகிவிடும், கேன்டீன் ஜன்னல்களில் பாதிக்கு மேல் மூடிவிடும். அந்தச் சமயத்தில் "எங்கள் வீட்டுக்கு வா" என்று யாராவது கூப்பிட்டால் போய்விடுங்கள், ஐந்து வருடத்தில் இதைவிடப் பெரிய வாய்ப்பு வராது. ரயில் டிக்கெட் 15 நாளுக்கு முன்பு திறக்கும், திறந்த நிமிடமே காலியாகும், நண்பரோடு உட்கார்ந்து சேர்த்தே போடுங்கள். பழக்கூடையோ பால் பெட்டியோ எடுத்துப் போகலாம். அவருடைய அம்மா முதலில் வேண்டாம் வேண்டாம் என்பார், கொடுக்கத்தான் வேண்டும். தட்டைக் காலி செய்தால் திரும்ப நிரப்புவார்கள், அதனால் மெதுவாகச் சாப்பிடுங்கள். குடிப்பழக்கம் இல்லை என்றால் முதல் கோப்பையிலேயே சொல்லிவிட்டு டீயைத் தூக்குங்கள், பெரியவர்களின் கோப்பையைவிட உங்களுடையது சற்றுத் தாழ இருக்கட்டும். ஒரு இரவு தங்கினாலும் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும், கிராமத்தில் 24 மணி நேரத்துக்குப் பதில் 72 என்று யாராவது ஏதாவது சொல்வார்கள், நீங்கள் முதல் நாளே நண்பரின் அப்பாவோடு போய்ப் பதிந்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் முன்பு

இந்தியா திரும்புகிறவர்களுக்கு இது பெரிய பிரச்சினை. இங்கே வீசாட் தடை, அங்கே வாட்ஸ்அப் தடை, இவ்வளவு வருடப் பழக்கம் விமானம் ஏறியதும் அறுந்துபோகும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போகிறவர்களுக்குக் கவலை இல்லை, ஆனால் அவர்களும் உள்ளூர் சிம்மை ஒப்படைக்கும் முன்பே வீசாட்டில் எண்ணை மாற்றிவிட வேண்டும். இந்தியா திரும்புகிறவர்கள் கடைசி மாதத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நண்பரின் க்யூக்யூ அல்லது 163 மின்னஞ்சல் முகவரியையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அவுட்லுக் முகவரியை அவர்களுக்குக் கொடுங்கள், கிளம்பும் முன்பே இரண்டு பக்கமும் ஒரு மெயில் அனுப்பி, ஸ்பேமில் விழவில்லையே என்று சரிபாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர் யார் யார் என்று கேட்டு ஃபேஸ்டைம் முகவரியும் வாங்குங்கள். வீட்டு விலாசத்தைச் சீன எழுத்தில் அவர்களையே எழுதித் தரச் சொல்லி அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், கூரியருக்கும் தபாலுக்கும் அதை அப்படியே ஒட்டிவிடலாம். வீசாட்டில் இருக்கும் போட்டோக்களையும் உரையாடல்களையும் லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், போன் மாறினால் அவை தானாக வராது.